வானத்துக் கிணறு

பொங்கலுக்கு முந்திய வாரம் எங்கள் அனகாபுத்தூர் வீட்டில் ஒட்டடைக் கோல் பரணிலிருந்து இறங்கும். பெரியவர்கள் மூலைமுடுக்கெல்லாம் தட்டி முடித்ததும் அது பிள்ளைகள் கைக்கு வரும். உள்ளங்கையில் நட்டு, விழாமல் நிறுத்துவதுதான் விளையாட்டு. நார்க்கொண்டை மேலே இருக்கும்படி நிறுத்தினால் கோல் மெதுவாகச் சாயும். கையை நகர்த்திச் சரிசெய்ய நேரம் கிடைக்கும். தலைகீழாக்கி, கொண்டையை உள்ளங்கையில் வைத்து நிறுத்திப் பாருங்கள். நினைப்பதற்குள் விழுந்துவிடும். அதே கோல், அதே எடை. எடை எந்த உயரத்தில் இருக்கிறது என்பது மட்டும்தான் மாறியிருக்கிறது.

கோலூன்றித் தாண்டும் ஒருவர் தரையை விட்டுக் கிளம்பிய முதல் அரை நொடியில் செய்யவேண்டியது முழுவதும் இந்த விளையாட்டுக்குள் இருக்கிறது. அவர் கோல் சாய வேண்டியதில்லை, எழ வேண்டும். ஆனால் விதி ஒன்றே. எடை கீழே தொங்கினால் கோல் வேகமாகத் திரும்பும். எடை மேலே போய்விட்டால் தயங்கித் தயங்கித்தான் திரும்பும், சில சமயம் பாதியில் நின்று ஆளை ஓடுதளத்தின் மீதே திருப்பி இறக்கிவிடும். ஆகவே கிளம்பியதும் காலை மடக்கி மேலே சுருட்டிக்கொள்ளக் கூடாது. உடம்பு நீளமாகத் தொங்க வேண்டும். மேலே போகத் துடிக்கும் ஒருவரிடம் கொஞ்ச நேரம் கீழேயே இரு என்று சொல்வது எவ்வளவு கடினம் என்பது பயிற்சியாளர்களுக்குத் தெரியும். ஒட்டடைக் கோலைக் கையில் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

தமிழ்நாட்டுக்கு இந்த விளையாட்டு அந்நியமில்லை. 2014-ல் வி.எஸ். சுரேகா 4.15 மீட்டர் தாண்டிப் பெண்களுக்கான தேசிய சாதனை படைத்தார். 2022-ல் காந்திநகரில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டியில் ரோஸி மீனா பால்ராஜ் அதை 4.20 ஆக்கினார். அதே போட்டியில் ஆண்கள் பிரிவில் சர்வீசஸ் அணியின் சிவ சுப்பிரமணியம் 5.31 மீட்டர் தாண்டித் தேசிய சாதனை படைத்தார். 2023-ல் கஜகஸ்தானின் அஸ்தானாவில் ஆசிய உள்ளரங்கப் போட்டியில் பவித்ரா வெங்கடேஷ் வெள்ளி வென்றார். இவர்கள் தாண்டியது வீட்டு மாடியின் கைப்பிடிச் சுவர் உயரம். அதையும் தலைகீழாகத் தாண்டினார்கள்.

எப்படி முடிகிறது? பார்ப்பவர் மனதில் முதலில் தோன்றும் படம் கவண். கோல் வளைகிறது, நிமிர்கிறது, ஆளை எறிகிறது. தொலைக்காட்சியில் அப்படித்தான் தெரியும். இந்தப் படம் தவறு, அதிலும் கற்பவரைக் கெடுக்கிற தவறு. கோலுக்குச் சொந்தமாக எந்தச் சக்தியும் இல்லை. தறியில் ஏற்றிய நூல்தான் துணியாக இறங்கும். ஏற்றாத நூல் எங்கிருந்தும் வராது. ஓட்டத்தில் ஏற்றிய சக்தியைக் கோல் கொஞ்ச நேரம் வளைவாகப் பிடித்துவைத்து, சிறிது கழித்துக்கொண்டு திருப்பித் தருகிறது. அவ்வளவுதான்.

கணக்கு எளிது. நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடும் ஒருவரின் இயக்க ஆற்றல் முழுவதும் உயரமாக மாறினால், வேகத்தின் வர்க்கத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும்: 64-ஐ 19.6-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 3.27 மீட்டர். ஓடும்போதே உடம்பின் எடைமையம் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கூட்டினால் 4.27. ஊன்றும் அதிர்ச்சியில் கொஞ்சம் இழப்பு, காற்றில் தோளும் வயிறும் உழைப்பதால் கொஞ்சம் வரவு. ரோஸி மீனா தாண்டிய உயரத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். வேகம் பத்து விழுக்காடு கூடி 8.8 ஆனால் 3.27 என்பது 3.95 ஆகும். ஓட்டத்தில் கூடுவது நொடிக்கு ஒரு மீட்டருக்கும் குறைவு. உயரத்தில் கிடைப்பது ஒரு முழத்துக்கும் மேல். 2025 செப்டம்பரில் டோக்கியோவில் 6.30 மீட்டர் தாண்டிய சுவீடனின் அர்மான்ட் டுப்ளான்டிஸ் ஓடுதளத்தின் முடிவில் நொடிக்குப் பத்து மீட்டரைக் கடந்து ஓடுபவர். கையில் கோலோடு.

ஆனால் ஓடி வருகிறவர் மனதில் இந்தக் கணக்கு எதுவும் ஓடாது. ஓடக் கூடாது. கிளம்புவதிலிருந்து மெத்தையில் விழுவது வரை மூன்று நொடிகூட இல்லை. அதற்குள் வலது முழங்கை நேராக, இடது கை மேலே, கால் நீளமாக, தலை நேராக என்று பட்டியல் ஒப்பித்தால் உடம்பு பாதியில் குழம்பி நிற்கும்.

இதை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். 2001-ல் லியாவ், ரிச் மாஸ்டர்ஸ் இருவரும் மேசைப்பந்து புதிதாகக் கற்பவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். பந்தை மேல்சுழற்சியோடு அடிக்க வேண்டும். ஒரு குழுவுக்கு மட்டையை எப்படிப் பிடிப்பது, எங்கிருந்து எங்கே கொண்டுபோவது என்று விதிகளாகச் சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு ஒரே படம்: மட்டையால் ஒரு செங்கோண முக்கோணம் வரை. படம் பெற்றவர்களும் நன்றாகவே கற்றார்கள்; மனதுக்கு வேறு சுமை ஏற்றியபோது விதி படித்தவர்கள் தடுமாறிய இடத்தில் இவர்கள் தடுமாறவில்லை. ஒரு படம் பல விதிகளைத் தனக்குள் சுருட்டி வைத்திருக்கிறது. நினைவில் அது பிடிக்கும் இடம் குறைவு.

இதற்குப் பிறகு வந்த ஆய்வுதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. அதே முக்கோணத்தை ஹாங்காங்கில் கான்டனீஸ் பேசுபவர்களுக்குச் சொல்லிப் பார்த்தபோது அது எடுபடவில்லை. அந்தச் சொல் அவர்கள் கையில் எந்த அசைவையும் எழுப்பவில்லை. 2007-ல் பூல்ட்டன், மாஸ்டர்ஸ், மாக்ஸ்வெல் மூவரும் வேறு படம் தேடினார்கள்: மட்டையை மலைச்சரிவில் ஏற்றுவதுபோல் கொண்டுபோ. அது வேலை செய்தது.

படம் என்பது மொழிபெயர்க்கும் பொருளல்ல. கேட்பவரின் உடம்பு அதை ஏற்கெனவே செய்து பார்த்திருக்க வேண்டும். வெளிநாட்டுப் பயிற்சி நூல்களில் வரும் உவமைகளை அப்படியே எடுத்துச் சொன்னால் நம் பிள்ளைகள் தலையாட்டுவார்கள்; தசை தலையாட்டாது. அடையாற்றங்கரையில், இன்றும் சில வீடுகளில் தறி ஓடுகிற இந்த ஊரில் வளர்ந்த ஒரு பெண்ணுக்கு இந்தத் தாண்டுதலைச் சொல்லித்தர வேண்டுமென்றால் என்ன படங்கள் உண்டு? நான் நாலைந்து வருடமாக இதைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் ஓட்டம். நாலரை மீட்டர் கோல் எடையில் இரண்டு மூன்று கிலோதான். ஆனால் ஒரு முனையைப் பிடித்துப் படுக்கையாகத் தூக்கினால் நுனி கீழே இழுக்கும், ஆள் முன்னால் குனிவார், ஓட்டம் கெடும். அதனால் நுனியை வானத்தைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு கிளம்பி, ஓட ஓட இறக்குகிறார்கள். இங்கே படம் கிணற்று வாளி. நீர் நிரம்பிய வாளியைக் கையில் பிடித்து நிற்கும்போது கயிறு கையை அறுக்கும். ராட்டினத்தில் அதைத் தானாக இறங்க விட்டால், இறங்குகிற வரை கையில் கனமே தெரியாது. கோலின் நுனியும் அப்படித்தான். அதைப் பிடித்து இறக்காதே, விழ விடு. விழுகிற வேகத்துக்குக் காலை ஓட்டு. கடைசி ஐந்தாறு அடிகளில் கோல் எடையற்றதுபோல் ஆகிவிடும், அந்த அடிகளில்தான் வேகம் உச்சத்துக்குப் போக வேண்டும். விழுகிற நுனி படுக்கையாக வரும் கணமும் கைகள் தலைக்குமேல் எழும் கணமும் ஒன்றையொன்று தொட வேண்டும். தாமதமானால் எல்லாமே தாமதம்.

அடுத்தது ஊன்றுதல். ஓடுதளத்தின் முடிவில் தரைக்குள் ஒரு பெட்டி பதித்திருக்கும். ஒரு மீட்டர் நீளம், முன்பக்கம் 60 சென்டிமீட்டர் அகலம், போகப்போகக் குறுகி முடிவில் 15 சென்டிமீட்டர், அங்கே ஆழம் 20 சென்டிமீட்டர். கோலின் அடி அங்கே போய் முட்டி நிற்கும். கல்யாண வீட்டில் பந்தக்கால் நடுவதைப் பார்த்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. அடி குழியில் இருக்கும். ஒருவர் காலால் அணை கொடுப்பார். மற்றவர்கள் நுனிப் பக்கமிருந்து தூக்கிக்கொண்டு முன்னேறுவார்கள். படுத்திருக்கும் மரத்தை முதல் முழம் எழுப்புவதில்தான் முழுப் பாரமும். பாதி நிமிர்ந்த பிறகு ஒரு ஆள் போதும். ஆகவே கோலை எவ்வளவு நிமிர்ந்த நிலையில் ஊன்றத் தொடங்குகிறோமோ அவ்வளவு லாபம். நான்கு மீட்டரில் கோலைப் பிடித்திருப்பவர் கையை முழுவதும் நீட்டி 2.2 மீட்டர் உயரத்தில் வைத்தால், பெட்டியின் ஆழத்தையும் சேர்த்து, கோல் ஏறக்குறைய 37 டிகிரியில் தொடங்கும். முழங்கை மடிந்து பத்து சென்டிமீட்டர் தாழ்ந்தால் 35. இரண்டு டிகிரிதானே என்று தோன்றும். பந்தக்காலை எழுப்பிய தோள்களைக் கேட்டுப் பாருங்கள்.

வாசல் நிலையின் உச்சியில் மாவிலைத் தோரணம் கட்ட எட்டுவதுபோல் கையை உயர்த்து என்று சொன்னால் முழங்கையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. குதிகால் உயரும், விலா விரியும், இரண்டு கையும் நீளும், பார்வை கையோடு போகாமல் முன்னாலேயே நிற்கும். தோரணம் கட்டுபவர் யாரும் முதுகை வளைத்துப் பின்னால் சாய்வதில்லை.

பாதம் எங்கே இருக்க வேண்டும்? கொத்தனாரின் தூக்குக்குண்டைக் கேளுங்கள். மேல் கையிலிருந்து ஒரு நூலில் குண்டைத் தொங்கவிட்டால் அது கிளம்பும் காலின் விரல் நுனியில் விழ வேண்டும். பாதம் அந்த நூலைத் தாண்டிப் பெட்டிப் பக்கம் போய்விட்டால், கால் தரையை விடும் முன்பே கோல் முட்டிக்கொள்கிறது. அடி தோளுக்கும் இடுப்புக்கும் போகிறது, ஓடிச் சேர்த்த வேகம் முதுகுவலியாக முடிகிறது. செர்கெய் புப்காவும் அவருடைய பயிற்சியாளர் விட்டாலி பெட்ரோவும் இன்னும் ஒரு படி போனார்கள். கோலின் அடி பெட்டியின் முடிவில் முட்டுவதற்கு ஒரு கணம் முன்பே ஆள் தரையைவிட்டு எழுந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் வழி. கோல் தூக்கும் என்று காத்திருக்காமல், நீளம் தாண்டுபவரைப்போல் தானே எழுவது. புப்கா 35 முறை உலக சாதனை படைத்தார். 1994-ல் இத்தாலியின் செஸ்ட்ரியேரியில் அவர் தாண்டிய 6.14 மீட்டர் திறந்தவெளியில் 26 ஆண்டுகள் நின்றது.

கோலை வளைக்க வேண்டும் என்ற எண்ணம் இந்த இடத்தில்தான் கெடுதல் செய்யும். வளைக்க நினைப்பவர் இடது கையை முட்டுக்கட்டையாக்கி விறைப்பார், வலது கையால் கீழே இழுப்பார். அப்போது மார்பு முன்னேற முடியாமல் நின்றுவிடும். கோல் வளைவது ஆள் வந்து சேர்ந்த வேகத்தால். வளைவு விளைவு, அதைச் செய்யப் போகக் கூடாது.

வளையும் கோலுக்குள் என்ன நடக்கிறது என்பதை அனகாபுத்தூர்க்காரர்களுக்கு விளக்குவது எனக்குப் பிடித்த பகுதி. ஒரு காலத்தில் மெட்ராஸ் கைக்குட்டை என்ற பெயரில் மேற்கு ஆப்பிரிக்காவுக்குத் துணி நெய்து அனுப்பிய ஊர் இது. இப்போது வாழைநாரைப் பருத்தியோடும் பட்டோடும் சேர்த்துச் சேலை நெய்கிறார்கள். நாரின் குணம் பூக்கட்டும் எல்லோருக்கும் தெரியும். நீளவாக்கில் இழுத்தால் விரலை அறுக்கும் உறுதி. குறுக்கே நகத்தால் கீறினால் இரண்டாகப் பிரியும். இன்றைய கோல்கள் செய்யப்படும் கண்ணாடி இழைக்கும் இதே குணம். கண்ணாடி இழைக் கோல் என்பது அடிப்படையில் ஒரு துணி. கண்ணாடி இழைத் துணியைப் பிசினில் தோய்த்து, எஃகு உருளை ஒன்றின் மேல் சுற்றி, சூட்டில் இறுகவைத்து, உருளையை உருவிவிடுகிறார்கள். மிஞ்சும் குழல்தான் கோல்.

கோல் வளையும்போது வெளிப்புற இழைகள் நீளவாக்கில் இழுபடும், உட்புற இழைகள் அழுந்தும். சக்தியை வாங்கிவைப்பவை இந்த நீள இழைகள். அவை பாவு. ஆனால் பாவு மட்டும் போதாது. பப்பாளி இலைக்காம்பை வளைத்துப் பாருங்கள்: முதலில் நடுவில் தட்டையாகும், பிறகு மடிந்து ஒடியும். குழல் வட்டமாக இருக்கும் வரைதான் வலிமை. அந்த வட்டத்தைக் காப்பவை குறுக்காகச் சுற்றிய இழைகள். அவை ஊடை. மூங்கில் இதே வேலையைக் கணுக்களால் செய்துகொள்கிறது. உள்ளே குறுக்குச் சுவர் இருப்பதால்தான் மூங்கில் தட்டையாவதில்லை. அமெரிக்காவின் கார்னீலியஸ் வார்மர்டாம் 1942-ல் மூங்கில் கோலால் 4.77 மீட்டர் தாண்டியதில் அந்தக் கணுக்களின் தயவும் உண்டு; அந்தச் சாதனை 1957 வரை நின்றது. 1960-களின் தொடக்கத்தில் கண்ணாடி இழைக் கோல் பரவியதும் சாதனைகள் மளமளவென்று ஏறின. அதிகம் வளையும் கோல் அதிகம் எறியும் என்பதல்ல காரணம். வளைந்த கோலின் இரு முனைகளுக்கு இடையே உள்ள தூரம் குறைந்துவிடுகிறது. நீளமான கோலை உயரத்தில் பிடித்தாலும், எழும் நேரத்தில் அது குட்டைக் கோல்போல் எளிதாகத் திரும்புகிறது. எழுந்து நிமிர்ந்த பிறகு மீண்டும் நீளமாகிவிடுகிறது. பந்தக்காலை எழுப்பும்போது மட்டும் அது குட்டையாகிக்கொண்டால் எவ்வளவு சுகம்!

பெற்றோருக்கு இங்கே ஒரு வார்த்தை. ஒவ்வொரு கோலிலும் அது எத்தனை கிலோ ஆளுக்கானது என்று பொறித்திருப்பார்கள். தன் எடைக்குக் குறைந்த கோலில் தாண்டுவது ஆபத்து. சவுக்குக் கம்பையோ கட்டட மூங்கிலையோ வைத்து மணலில் பழகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பயிற்சியாளரும் மெத்தையும் இல்லாமல் இந்த விளையாட்டு வேண்டாம்.

கிளம்பியாயிற்று. உடம்பு நீளமாகத் தொங்குகிறது. இனி ஊஞ்சல். பலகைமேல் நின்று ஆடும் பிள்ளை என்ன செய்கிறாள்? இறங்கும்போது முழங்கால் மடித்து உட்காருகிறாள். அடிமட்டத்தைக் கடக்கும் கணத்தில் வெடுக்கென்று நிமிருகிறாள். யாரும் தள்ளாமலே ஊஞ்சல் உயர்ந்துகொண்டே போகிறது. வேகமாக வீசும் கயிற்றுக்கு எதிராகத் தன் எடையை மேலே இழுத்ததில் அவள் செய்த வேலை ஆட்டமாக மாறுகிறது. கோலில் தொங்குபவரும் மேல் கையை ஆணியாக வைத்துக்கொண்டு பின்காலை நேராக, நீளமாக, கோயில் மணியின் நாக்கைப்போல் வீச வேண்டும். அது கைக்கு நேர்கீழே வந்து கோலைத் தாண்டும் கணத்தில்தான் இடுப்பை மேலே இழுக்க வேண்டும். முன்பே இழுத்தால் ஒட்டடைக் கோலின் பாடம்: எடை மேலே போய்விட்டது, கோல் தயங்கும். தாமதமாக இழுத்தால் கோல் நிமிர்ந்து முடிந்துவிடும், அதன் சக்தி ஆளுக்கு அடியில் வராமல் முதுகுப் பக்கம் போகும். எல்லாத் தாண்டுதலிலும் கோல் தன் வேகத்தில்தான் நிமிரும். அதை அவசரப்படுத்த முடியாது. அதன் தாளத்துக்குள் போய்ச் சேர வேண்டும். ரஷ்யாவின் எலீனா இசின்பயேவா சிறுமியாக ஜிம்னாஸ்டிக்ஸ் கம்பிகளில் ஆடியவர் என்பது நினைவுக்கு வருகிறது. 2009-ல் சூரிக்கில் அவர் தாண்டிய 5.06 மீட்டரை இன்றுவரை எந்தப் பெண்ணும் கடக்கவில்லை.

இப்போது மிகக் கடினமான இடம். தலை கீழே, கால் மேலே. மனிதக் கண் தான் போகும் திசையைப் பார்க்கத்தான் பழகியிருக்கிறது. தாண்ட வேண்டிய குறுக்குக் கம்பி எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட ஆசை வரும். பார்க்க முகவாயைத் தூக்கினால் முதுகு வளையும், கால்கள் மேலே போவதை விட்டுக் கம்பியை நோக்கிப் படுக்கையாக நீளும். உயரம் அங்கேயே போய்விடும். காலை மேலே நீட்டு என்று எத்தனை முறை சொன்னாலும் இந்த ஆசை தோற்காது. இதற்கு நான் வைத்திருக்கும் படம் கிணறு. நம் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகள் பாசனக் கிணற்றில் கால் முதலாகக் குதிப்பார்கள். உடம்பு நேர்க்கோடாக, கை பக்கவாட்டில், சுவரில் உரசாமல். அதை அப்படியே தலைகீழாக்குங்கள். கிணறு வானத்தில் இருக்கிறது. அதன் வாய் கம்பிக்கு நேர்மேலே திறந்திருக்கிறது. நீ அதில் கால் முதலாக விழுகிறாய். கிணற்றில் விழுபவர் அடியைத் தேடி எட்டிப் பார்ப்பதில்லை. பாதம் பார்த்துக்கொள்ளும். கோல் உடம்பை ஒட்டியே இருக்கும், ஏனென்றால் அதுதான் கிணற்றுச் சுவர்.

விழுந்துகொண்டே ஒரு திருப்பம் உண்டு. உடம்பு கோலைச் சுற்றி அரைவட்டம் திரும்பி, வயிறு கம்பியைப் பார்க்க வேண்டும். நூல் சுற்றும் கதிர் மெலிந்து நேராக இருப்பதால்தான் சட்டென்று சுழல்கிறது. கையும் காலும் அகன்றால் சுழற்சி சோம்பிப்போகும்.

கம்பிக்கு மேலே வந்தபின் படம் கொடியில் காயப்போட்ட வேட்டி. வேட்டியின் மடிப்பு மட்டும்தான் கொடிக்கு மேலே. இரு பக்கமும் கீழே தொங்குவதால் அதன் எடைமையம் கொடிக்குக் கீழே இருக்கிறது. உடம்பும் அப்படி மடிந்து, கால்கள் அந்தப் பக்கம் இறங்கிய பிறகே மார்பு மேலேறினால், எடைமையம் கம்பியை ஒட்டியோ அதற்குச் சற்றுக் கீழேயோ கடந்துவிடலாம், உடம்பின் ஒவ்வொரு பகுதியும் கம்பிக்கு மேலேயே போயிருக்கும். சக்தி கொடுக்காத சில சென்டிமீட்டர்கள் இங்கே கிடைக்கின்றன.

மிச்சம் இருப்பது மேல் கை. அது கோலைக் கடைசியாக ஒருமுறை கீழ்நோக்கி அழுத்தித் தள்ளிவிட வேண்டும். கோல் கம்பிப் பக்கம் சாய்ந்து வந்தால் யாரும் தொட்டுப் பிடிக்கக் கூடாது என்பது விதி. எதிர்ப்பக்கம் சாய்ந்தால் பிடிக்கலாம். தறியில் உட்கார்ந்தவர் கயிற்றைச் சுண்டி நாடாவை ஓடவிட்டதும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. கை அதற்குள் பலகைக்குப் போயிருக்கும். தாண்டுபவரும் கோலைத் திரும்பிப் பார்ப்பதில்லை. கட்டைவிரல் மேலே பார்க்க இரு கையையும் கம்பியிலிருந்து விலக்கி உயர்த்திக்கொண்டு, முதுகு கீழாக மெத்தையில் விழுகிறார். அப்போதுதான் முதன்முறையாகக் கம்பியைப் பார்க்கிறார், கீழேயிருந்து.